இந்திய அறிவியலுக்கு நிதியளிக்கும் ஓர் ஓய்வூதியரின் விண்ணப்பம்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்,
வட்டாட்சியர் அலுவலகம் ஒன்று, தமிழ்நாடு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை,
இந்திய அரசு, புது டெல்லி.

பொருள்: அறிவியல் ஆராய்ச்சி – நிதியளிப்பு – ஓய்வூதியத்திலிருந்து தொடர்ந்து வழங்கி வருவது – நிதியளிக்கும் அமைப்பாக அங்கீகரிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆராய்ச்சி உதவித்தொகையை உயர்த்தி 2023 ஜூன் மாதம் தங்கள் துறை வெளியிட்ட ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் காணும் ஆணையை வரிக்கு வரி படித்தேன். பணிக்காலம் முழுக்க அரசாணைகளோடு குடும்பம் நடத்தியவன் என்பதால் அந்தப் பழக்கம் போகவில்லை. இளநிலை ஆய்வாளருக்கு 31,000 ரூபாய் என்பது 37,000 ஆகிறது. முதுநிலைக்கு 35,000 என்பது 42,000. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்தே அமல் என்று முன்தேதியிட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். நிலுவையோடு வரும் ஆணையின் ருசி எனக்குத் தெரியும். எழுதிய கை நன்றாக இருக்கட்டும்.

ஒரு பத்தி மட்டும் விடுபட்டிருக்கிறது. ‘மேற்படித் தொகை உரிய காலத்தில் வந்து சேராத மாதங்களில் ஆய்வாளரின் தகப்பனார் அதனை ஈடுசெய்வார்’ என்னும் பத்தி. நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கும் ஒரு விதி ஆணையில் இல்லாமல் இருப்பது தணிக்கை ஆட்சேபணைக்கு இடம் தரும். அதைச் சுட்டிக்காட்டவே இந்தக் கடிதம்.

என் மகள் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். நெட் தேர்வில் தேறி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவள். அவளுக்குப் பணம் தருவது தங்கள் துறை அல்ல, வேறோர் அமைப்பு. பெயர் வேண்டாம், அங்கேயும் என்னைப் போல் ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்திருப்பார், பாவம். ஆனால் தொகை எவ்வளவு என்பதற்கு எல்லாரும் தங்கள் ஆணையைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் தலைமையிடத்துக்கே எழுதுகிறேன்.

பணம் எப்படி வருகிறது என்று ஒருநாள் மகளிடம் விசாரித்தேன். மாதாமாதம் பல்கலைக்கழகத்தில் ‘மேக்கர்’ என்று ஒருவர் கணினியில் பதிவு செய்ய வேண்டுமாம். ‘செக்கர்’ என்று இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டுமாம். மேக்கர் விடுப்பில் போனால் செக்கருக்குச் சரிபார்க்க ஒன்றுமில்லை; இருவருமே இருந்தால் டெல்லியில் நிதி ஒதுக்கீடு இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டா மாறுதலுக்கு இத்தனை படி இருந்ததுண்டு. ஆனால் பட்டா கேட்டவர் அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு அந்தப் பட்டாவை நம்பி இருந்ததில்லை.

ஆய்வகம் ஊருக்கு வெளியே இருக்கிறது, இரவு பத்து மணிக்குப் பேருந்து கிடையாது என்று அவள் ஒரு ஸ்கூட்டி வாங்கக் கிளம்பினாள். கடன் கொடுக்கும் கம்பெனிப் பையன் கேட்டான்: “மேடம், மூணு மாச சேலரி ஸ்லிப் இருக்கா?” சம்பளம் இல்லை, ஃபெலோஷிப் என்றாள். “அப்ப ஸ்டூடன்ட்டா?” வகுப்பெல்லாம் முடிந்துவிட்டது, இளங்கலைப் பிள்ளைகளுக்கு ஆய்வக வகுப்பு எடுப்பதே இவள்தான் என்றாள். அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “சார், உங்களுக்குப் பென்ஷன் வருதுல்ல? உங்க பேர்லயே போட்டுக்கலாம்.”

ஐயா, நான் பணியில் இருந்தபோது கண்டுபிடித்தது எதுவுமில்லை. காணாமல் போன கோப்புகளைத் தவிர. என் மகள் இந்த உலகத்தில் இதுவரை இல்லாத ஒரு மூலக்கூறைச் செய்து காட்டியிருக்கிறாள் என்று அவளுடைய வழிகாட்டி சொல்கிறார். கடன் கொடுப்பவன் நம்புவது என்னை. அவனைக் குறை சொல்லவும் முடியாது; ஒன்றாம் தேதி யாருக்குப் பணம் வரும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

வண்டித் தவணை அன்றிலிருந்து என் கணக்கில் போகிறது. தொகை வராத மாதங்களில் அறை வாடகையும் மெஸ் பாக்கியும் சேர்ந்துகொள்ளும். ஆய்வுச் செலவுக்கென்று ஆண்டுக்கு ஒரு தொகை தனியாக உண்டு. அதுவும் அதே வண்டியில்தான் வரவேண்டும், அதே இடத்தில்தான் பழுதாகி நிற்கும். அப்போது மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பி என்எம்ஆர் எடுக்கும் கட்டணமும் என்னிடமிருந்துதான். என்எம்ஆர் என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் ஒரு மாதிரிக்கு எவ்வளவு என்று எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையைப் பற்றிப் படித்தேன். 2023இல் சட்டம் இயற்றினீர்கள். ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய்; அதில் ஏறத்தாழ 36,000 கோடி அரசு அல்லாத இடங்களிலிருந்து வரும் என்று எதிர்பார்ப்பு. அந்த அரசு அல்லாத இடம் எங்கே இருக்கிறது என்று நிபுணர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது நான் மகளுக்கு ஜிபே அனுப்பிக்கொண்டிருந்தேன். தொழிலதிபர்கள் வருவார்கள் என்று வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கிறீர்கள். தகப்பன்மார் ஏற்கனவே வந்துவிட்டோம். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிச் செலவு 0.64 விழுக்காடு என்பது 2020–21ஆம் ஆண்டுக் கணக்கு. அந்தக் கணக்கில் எங்களைச் சேர்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சேர்த்திருந்தால் எண் கொஞ்சம் பார்வையாக இருந்திருக்கும்.

ஆகவே என்னை ஒரு நிதியளிக்கும் அமைப்பாக அங்கீகரிக்கக் கோருகிறேன். மகளுடைய ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் என் ஓய்வூதியக் கொடுப்பாணை எண்ணைக் குறிப்பிட உத்தரவிட வேண்டும். அறிவியல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தில் 80 ஜிஜிஏ என்று ஒரு பிரிவு வைத்திருந்தீர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை கிடையாது என்ற நிபந்தனையோடு. நான் ரொக்கமாகக் கொடுப்பதே இல்லை. எல்லாவற்றுக்கும் வங்கி அறிக்கை இருக்கிறது. பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டால் மகள் கையெழுத்துப் போட்டுத் தருவாள், பெட்ரோல் உட்பட.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கண்காணிப்பாளன் கணக்குப் போடாமல் கடிதம் முடிக்க மாட்டான்.

2023 ஜனவரியில், அதாவது 37,000 ரூபாய் அமலுக்கு வந்த அதே மாதத்தில், ஒன்றிய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி 42 விழுக்காடு. ஜூலையில் 46. அடுத்த ஜனவரியில் 50. பிறகு 53, 55. 2025 ஜூலையில் 58. யாரும் தெருவுக்கு வரவில்லை, யாரும் பதாகை பிடிக்கவில்லை. விலைவாசிக் குறியீடு ஏறியது, படியும் ஏறியது. எங்கள் மாநில அரசும் பின்தொடர்ந்து அறிவித்தது. ஈசிச் சேரில் சாய்ந்திருந்த எனக்கும் வந்தது. ஆனால் அந்த ஐந்து உயர்விலும் 37,000 என்பது 37,000 ஆகவே நின்றது. காய்கறிக் கடைக்காரர் எனக்கு ஒரு விலையும் ஆராய்ச்சி மாணவிக்கு ஒரு விலையும் சொல்வதில்லை. ஆய்வாளரின் தொகையும் என் படியைப் போலவே ஏறியிருந்தால் 2025 ஜூலையில் சுமார் 41,170 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். மாதம் 4,170 ரூபாய் வித்தியாசம். வண்டித் தவணையைக் கட்டிவிட்டு மிச்சமும் இருக்கும்.

தங்கள் துறையின் வழக்கம் வேறு. 2010இல் 16,000, 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000. நடுவில் இருக்கும் ஆண்டுகளில் தொகை தூங்கும்; ஆய்வாளர்கள் மனுப் போடுவார்கள், கறுப்புப் பட்டை கட்டுவார்கள், டெல்லிக்குப் போய் வெயிலிலும் பனியிலும் நிற்பார்கள்; பிறகு ஆணை வரும். ஐந்தாண்டுதான் உதவித்தொகை. ஒருவர் தன் ஆராய்ச்சி வாழ்க்கையில் ஒரு உயர்வைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. போராடிக் களைத்து வாங்கிக் கொடுப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் அடுத்து வருபவர். புளியமரம் நட்டவன் கதைதான்.

37,000 வாங்குபவர்கள் மேல்தட்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உதவித்தொகைத் தகுதி கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் செய்பவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய். அதையும் நிறுத்தப் போகிறோம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் முடிவெடுத்தபோது, டெல்லியில் அதன் அலுவலக வாசலிலேயே மாணவர்கள் குடியேறினார்கள். தொகை தப்பியது. வளரவில்லை. அதே டெல்லியில் 2024 அக்டோபரில் திறன்சாராத் தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச மாதக் கூலி 18,066 ரூபாய். குவாண்டம் இயற்பியல் எந்தத் திறனில் சேரும் என்று தொழிலாளர் துறையைக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

பட்டம் வாங்கிய பிறகு நிலைமை மாறும் என்பீர்கள். மாறுகிறது. உதவிப் பேராசிரியர் பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 57,700. அந்த நாற்காலிகள் பல இடங்களில் காலியாக இருக்கின்றன, மிகச் சுத்தமாக. அவற்றில் உட்காராமல் நின்றுகொண்டே பாடம் நடத்த கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று மானியக் குழு 2019இல் வழிகாட்டியது. எங்கள் மாநில அரசுக் கல்லூரிகளில் கொடுத்து வந்தது 25,000, அதுவும் பதினொரு மாதத்துக்கு. மே மாதத்தில் அவர்களுக்குப் பசி எடுக்காது என்று யாரோ ஆய்வு செய்து கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த ஆய்வுக்கு உதவித்தொகை நேரத்துக்கு வந்ததா தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் விலங்கியல் இளங்கலையோடு நிறுத்திக்கொண்டான். சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்பதைக் காப்பீட்டுக்காக எண்ணாக மாற்றித் தரவேண்டும். வாத்து தாக்கிக் காயம் என்றால் டபிள்யூ61.62. விளையாட்டாகச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன், உண்மையிலேயே இருக்கிறது. விமானத்தின் ஜெட் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு, பிழைத்து, இரண்டாம் முறை மருத்துவரைப் பார்க்க வந்தவருக்கும் எண் உண்டு. நம் கல்லூரிகள் ஆண்டுதோறும் அனுப்பிவைக்கும் விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் பட்டதாரிகளில் எத்தனையோ பேரை அமெரிக்க வாத்துகள்தான் காப்பாற்றுகின்றன. அவன் கெட்டிக்காரன். அவனுக்கு மாதம் முடிந்தால் சம்பளம், சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதி. போன தீபாவளிக்கு என் மகளிடம், “அக்கா, இன்னும் படிச்சிட்டா இருக்கீங்க?” என்று அன்பாகத்தான் கேட்டான். அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். எனக்குத்தான் அதிரசம் இறங்கவில்லை.

அரசால் வேகமாக முடிவெடுக்க முடியாது என்று நான் சொல்ல மாட்டேன், உள்ளே இருந்தவன். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதியாகும் ஆய்வக வேதிப்பொருள்களுக்குச் சுங்க வரியை 10 விழுக்காட்டிலிருந்து 150ஆக உயர்த்தினார்கள். விஞ்ஞானிகள் அலறினார்கள். ஆகஸ்ட் முதல் தேதியே ஆய்வகங்களுக்குப் பழைய 10 திரும்பி வந்துவிட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை. கோப்பு அந்த வேகத்தில் ஓடக்கூடியதுதான். குடுவைக்குள் ஊற்றும் பொருளுக்காக ஓடிய கோப்பு, குடுவையைப் பிடித்திருக்கும் கைக்காக ஏன் நான்காண்டு நடக்கிறது என்பதே என் விளக்கம் கோரல்.

எனவே கீழ்க்கண்டவாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். உதவித்தொகையை அகவிலைப்படியோடு இணைத்து ஒரே ஒரு ஆணை போடுங்கள். அதற்குப் பிறகு நான்காண்டுக்கு ஒருமுறை புது ஆணை எழுதும் சிரமம் தங்கள் அலுவலகத்துக்கும் இல்லை, தெருவில் நிற்கும் வேலை பிள்ளைகளுக்கும் இல்லை. எந்த அமைப்பு கொடுத்தாலும் மாதக் கடைசி நாளில் கணக்கில் ஏறும்படி செய்யுங்கள். தாமதமானால் வட்டி தரச் சொல்லுங்கள், வட்டி என்று ஒன்று வந்துவிட்டால் மேக்கரும் செக்கரும் ஒரே நாளில் அலுவலகத்துக்கு வருவார்கள். ஐந்தாண்டு முடிந்து, ஆய்வேடு முடியாமல் நிற்கும் மாதங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

இவற்றில் எதுவும் இயலாது என்றால், முதலில் கேட்ட அங்கீகாரத்தையாவது தாமதமின்றி வழங்குங்கள். அடுத்த நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டை நான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மகனும் இயற்பியலில் சேர்ந்திருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வூதியர்.

இணைப்பு: வங்கி அறிக்கை நகல்கள், சுயசான்றொப்பத்துடன்.