இரண்டு எஞ்சின் ஐயா

கண்டியில் பழைய லெக்ஸஸ் ஹைபிரிட் வைத்திருப்பவரை அடையாளம் காண வேண்டுமா? மாலை ஐந்தரைக்கு கெட்டம்பேப் பக்கம் போய் நில்லுங்கள். பேராதனை வீதி முழுக்க வாகனம் நகராமல் கிடக்கும். பஸ்காரர் விடாமல் ஹோன் அடிப்பார். முச்சக்கரவண்டிக்காரர் நுழையச் சந்து தேடுவார். வேன்காரர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருப்பார். இவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் புன்னகையோடு உட்கார்ந்திருப்பார். எஞ்சின் தானாக அணைந்துவிட்டது. சொட்டுப் பெற்றோல் எரியவில்லை. நெரிசல் இன்னும் அரை மணி நேரம் நீண்டாலும் அவருக்கு நட்டமில்லை. அவர்தான் நம் ஐயா.

ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளராக இருப்பார், இல்லையென்றால் கடைவீதியில் புடைவைக் கடை வைத்திருப்பார். தொழில் எதுவானாலும் ஆள் ஒன்றுதான். அதாவது, ஒருவருக்குள் இரண்டு பேர். ஒருவர் பெரிய மனிதர்; காசைப் பார்க்காதவர் என்று ஊர் சொல்ல வேண்டும் என்பதற்காக லெக்ஸஸ் வாங்கியவர். மற்றவர் கணக்கப்பிள்ளை, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டு அதிலும் ஹைபிரிட்டாக வாங்கியவர். வண்டியிலும் எஞ்சின் ஒன்று, மோட்டார் ஒன்று. எது எப்போது இழுக்கும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. ஐயாவின் வீட்டாருக்கும் அதே நிலைதான்.

வண்டி 2011இல் சந்தைக்கு வந்த சிடி 200எச். ஜப்பானில் கொஞ்சக் காலம் ஓடிவிட்டுக் கப்பலேறியது. இதில் ஒரு குடும்ப ரகசியம் உண்டு. மேலே லெக்ஸஸ் முத்திரை இருந்தாலும் உள்ளே இருப்பது அந்தக் காலத்து டொயோட்டா பிரியஸின் அதே 1.8 லீற்றர் எஞ்சின், அதே 201.6 வோல்ட் பெட்டரி. திருமண மண்டப வாசலில் இதை யாராவது சொல்லிவிட்டால் ஐயாவின் முகம் கறுத்துவிடும். "தம்பி, இது லெக்ஸஸ். சஸ்பென்ஷன் வேற, சத்தம் வேற, சீட்டு வேற."

அதே ஐயா கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வாசலில் நிற்பதைப் பார்க்க வேண்டும். சட்டைப்பையில் இருந்து லெக்ஸஸ் சாவி எட்டிப் பார்த்தால் உள்ளே தள்ளிவிடுவார். வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருப்பார். "பிரியஸுக்கு ஒரு வோட்டர் பம்ப் வேணும்" என்பார், ஏழைக் குரலில். லெக்ஸஸ் என்று சொன்னால் கடைக்காரர் ஒரு விலை சொல்வார், பிரியஸ் என்றால் இன்னொரு விலை. சாமான் ஒன்றேதான். ஊருக்கு லெக்ஸஸ், பஞ்சிகாவத்தைக்குப் பிரியஸ்.

காலையில் வண்டியை உயிர்ப்பித்ததும் ஒரு ஜப்பானியப் பெண் குரல் மிக மரியாதையாக ஏதோ சொல்லும். ஜப்பான் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான அட்டை போடப்படவில்லை என்று அந்த அம்மா தினமும் நினைவூட்டுகிறார். ஐயாவுக்கு அது தெரியாது. "குட் மோர்னிங் சொல்லுது" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறார். வண்டியின் வரைபடத்தில் அவர் இன்னும் ஜப்பானைவிட்டு வெளியே வரவில்லை. கண்டி வாவியைச் சுற்றும்போதெல்லாம் பெயர் தெரியாத ஏதோ ஒரு கடலோரத்தில் நிற்பதாகத்தான் திரை காட்டும். ஜப்பானிய வானொலிப் பெட்டி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும் என்பதால் சூரியன் எஃப்எம்மும் சக்தி எஃப்எம்மும் கேட்பதற்கென்று ஒரு சின்னப் பெட்டியைத் தனியாக வாங்கிப் பூட்டினார். கணக்கப்பிள்ளை அந்தச் செலவை 'பெட்டரிப் பராமரிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறார், வீட்டம்மா பார்த்தால் கேட்பார் என்று.

வண்டியில் ஏறும் விருந்தாளிக்குச் சட்டங்கள் உண்டு. பின்சீட்டின் ஓரத்தில் சிறிய கம்பிவலை ஒன்று இருக்கும். பெட்டரியைக் குளிர வைக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. தூசி அடைத்தால் காற்றுக் குறையும். காற்றுக் குறைந்தால் பெட்டரி சூடேறும். சூடேறினால் ஆயுள் போகும். ஆகவே அந்தப் பக்கம் பை வைக்கக்கூடாது, சால்வை போடக்கூடாது, பிஸ்கட் சாப்பிடக்கூடாது. மார்கழிக் குளிரில் அம்மா கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருக்க ஏசி ஓடும்.

"என்னங்க, குளிருது. ஏசியை நிப்பாட்டுங்களேன்."

"உனக்காகப் போடல. பெட்டரிக்கு."

ஹைபிரிட்டுக்கு நாற்பதாண்டு மனைவியைவிட மரியாதை கிடைக்கிறது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் ஏற்றம் வந்ததும் கணக்கப்பிள்ளை விழித்துக்கொள்வார், ஏசி அணையும். ஹந்தானை ஏறும்போது எல்லோருக்கும் வியர்க்கும், பெட்டரி உட்பட.

ஐயாவின் பெருமைக்கு அடிப்படை கடுகண்ணாவை இறக்கம். டோசன் கோபுரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஓரமாக நிறுத்தி ட்ரிப் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவார். பிறகு மாவனெல்லை வரை சரிவு. மிதியைத் தொட வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சக்கரம் மோட்டாரைச் சுழற்றி, மின்சாரம் பெட்டரிக்குள் போகும். கோடுகள் ஒவ்வொன்றாக ஏறி நிரம்பிவிடும். அதற்கு மேல் வருகிற மின்சாரத்தை வைக்க இடமில்லாமல், பெற்றோல் எரிக்காமலேயே எஞ்சினை வேகமாகச் சுழற்றித் தீர்க்கும் வண்டி. திடீரென்று வண்டி உறுமுவதைக் கேட்டு முதல் தடவை ஏறியவர்கள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொள்வார்கள். "பயப்படாதீங்க, வருமானம் கூடிப்போச்சு" என்பார் ஐயா. வருமானம் கூடியதற்காகக் கத்துகிற ஒரே சீவன் இதுதான். அடிவாரத்தில் திரையைப் படம் பிடித்துக்கொள்வார். லீற்றருக்கு நாற்பதோ ஐம்பதோ, காட்டுவது எதுவோ அதுதான் அந்த வண்டியின் குணம். திரும்பி மலையேறும்போது மீற்றரை அவர் பார்ப்பதில்லை. இரவு நேரம், கண் கூசும்.

ஆண்டுக்கொரு முறை புகைப் பரிசோதனை. பரிசோதிக்கும் பையன் கம்பியைக் குழாயில் செருகினால் எஞ்சின் அணைந்து கிடக்கும். ஐயா கையைக் காட்டி அவனை விலகச் சொல்வார். அவருக்கு ஒரு வித்தை தெரியும். பார்க்கிங் 'பி'யில் வைத்து மிதியை முழுதாக இரண்டு முறை, நியூட்ரல் 'என்'னில் இரண்டு முறை, மறுபடி 'பி'யில் இரண்டு முறை. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். எஞ்சின் அணையாமல் ஓடத் தொடங்கும். அன்றைக்குப் பத்து வயது குறைந்தவராக வீடு திரும்புவார்.

ஆனால் ஒரு நாள் சிவப்பு முக்கோணம் எரியும். வழக்கமான கராஜ் பாஸ் போனட்டைத் திறந்து ஆரஞ்சு நிற வயரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "ஐயா, அது கரண்ட். ஹைபிரிட் பாஸ்கிட்ட போங்க." ஹைபிரிட் பாஸ் தொலைபேசியில் ஸ்கேன் பண்ணிப் பார்த்து, "பி ஸீரோ ஏ எய்ட்டி" என்பார். பெட்டரி போய்விட்டது என்று அர்த்தம். வைத்தியர் நோயின் பெயர் சொன்னதுபோல் ஐயா நாற்காலி தேடுவார். பெட்டரிக்குள் 28 செல் கட்டைகள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், எல்லாம் வரிசையாகத் தொடுக்கப்பட்டவை. அசல் கூட்டுக்குடும்பம். ஒருவர் படுத்தால் வீடே நின்றுவிடும். புதுப் பெட்டரி விலை கேட்டதும் பெரிய மனிதர் வெளியே போய்விடுவார். கணக்கப்பிள்ளை உள்ளே வருவார். "ரெண்டு செல் மட்டும் மாத்தினா போதாதா பாஸ்?"

போதும். மூன்று மாதத்துக்குப் போதும். பலமான புதியவன் நடுவில் வந்ததும் பலவீனமான பழையவன் ஒருவன் அம்பலப்பட்டுப் போவான். இப்படித் தவணை முறையில் மாற்றிய செல்களின் செலவைக் கூட்டினால் புதுப் பெட்டரியே வாங்கியிருக்கலாம். அந்தக் கூட்டலை மட்டும் கணக்கப்பிள்ளை இதுவரை போடவில்லை.

இதெல்லாம் சொன்னால் ஐயா 2022ஐ, அந்த எரிபொருள் தட்டுப்பாட்டு ஆண்டை, எடுத்து நீட்டுவார். அந்த யூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்தார்கள். அயலவர்கள் அந்த 20ஐ வைத்துத் தவித்தபோது, இவருக்கு வார முடிவில் மிச்சம் இருந்தது. மாலையில் வாசலில் நின்று யாராவது கேட்பார்களா என்று பார்ப்பார். வாகன இறக்குமதி 2020இல் நின்றதும் வண்டியின் விலை வாங்கியதைவிட ஏறிப்போனது. ஓட்டத் தேயும் சொத்து ஓட்ட ஓட்ட வளர்ந்த அதிசயத்தைக் கண்டவர் அவர். 2025 பெப்ரவரியில் இறக்குமதியை மறுபடி திறந்தபோது அவருக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு புது வாகனத்துக்கான வரியைப் படித்துப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினார். அரசாங்கம் போட்ட வரியை மனதாரப் பாராட்டிய குடிமகன் கண்டியில் அவராகத்தான் இருப்பார்.

போன ஆவணியில் கட்டுகலைப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுக்கு அருகில் இன்னொரு ஹைபிரிட் ஐயாவும் வந்து சேர்ந்தார், கட்டுகஸ்தோட்டைக்காரர். பேச்சு பிள்ளைகளில் தொடங்கி நேராகப் பெட்டரிக்கு வந்தது. இருவருக்கும் ஒரே பாஸ். நாட்களைக் கணக்குப் பார்த்ததில், புதுப் பெட்டரி போட்டபோது கட்டுகஸ்தோட்டைக்காரர் கழித்துவிட்ட நல்ல செல் இரண்டுதான் இப்போது நம் ஐயாவின் வண்டியில் ஓடுகிறது என்று தெரிந்தது.

"அப்ப நாம சம்பந்தியாகிட்டோம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார் நம்மவர்.

"நல்லா வச்சிருக்கீங்களா? லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?"

"இருபத்திரண்டு."

"எனக்கு இருபத்தி நாலு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடுகண்ணாவை இருவருக்கும் தெரிந்த இடம். சம்பந்தி உறவு கெடக்கூடாது என்று, மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை.