வீழ்பொருளியல்: கைக்கடிகாரத் திருகாணி தரை சேர்தல் குறித்து ஓர் ஆய்வு

பழைய கைக்கடிகாரங்களை வாங்கிப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, மறுபடி ஓடவைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பற்றி எழுதுவோர் எல்லாரும் காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நின்றுபோன காலத்தை மீட்கிறார்களாம். தாத்தாவின் நினைவுக்கு உயிர் கொடுக்கிறார்களாம். இக்கட்டுரை அக்கூற்றுகளை ஏற்கவில்லை. இவர்கள் கண் அதிகம் பதிவது தரையின்மேல். ஞாயிற்றுக்கிழமை மதியம், பேரன் எடுக்கும் வயதில் உள்ள ஒருவர் முழங்காலிட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் தேடுவது ஒரு திருகாணியை. கடுகு அதன் பக்கத்தில் பூசணிக்காய்.

இங்கு நிறுவப்படவிருக்கும் கருதுகோள் வருமாறு: வாட்ச் சேகரிப்பு ரசனையால் உண்டாவதில்லை, தொலைந்த திருகாணியால் உண்டாகிறது. சான்றுகள் கீழே.

ஆய்வெல்லை: எச்.எம்.டி. சாவி கொடுக்கும் வாட்சுகள். இவற்றைத் தேர்ந்ததற்குத் தேசபக்தி காரணமில்லை, விலைதான் காரணம். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கிய இந்த அரசு நிறுவனம், ஒரு தலைமுறையின் கல்யாணச் சீரிலும் பணி ஓய்வுப் பாராட்டு விழாவிலும் நீக்கமற நிறைந்திருந்தது. பிறகு குவார்ட்ஸ் வந்தது, ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது, 2016இல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்தது. விளைவு, தமிழ்நாட்டுப் பீரோக்களில் இன்றும் எண்ணற்ற ஜனதாக்கள் நகைப்பெட்டிக்கும் எல்.ஐ.சி. பத்திரத்துக்கும் நடுவில் உறங்குகின்றன. ஜனதா, பைலட் எனப் பெயரும் முகமும் மாறினாலும் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது ஒரே குடும்பத்து இயந்திரம். ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தும். இந்த வசதியே பின்னால் வரும் அத்தனை கேட்டுக்கும் மூலம்.

இனி இயற்பியல். வீழ்பொருள்கள் இருவகைப்படும்: விழுவன, பறப்பன. திருகாணி, பல்சக்கரம், முள் ஆகியன விழுவன. ஸ்பிரிங் எனப் பெயர்கொண்ட அனைத்தும் பறப்பன. திருகாணியும் சமயத்தில் பறக்கும். அதற்குக் காரணம் ட்வீசர். இறுக்க இறுக்கப் பிடி கெட்டிப்படும் என்பது புதியவர்களின் நம்பிக்கை. ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால் இரு நுனிகளும் ஒன்றையொன்று விட்டு விலகும். நடுவில் இருந்த பொருள் தெறிக்கும். தெறித்த திசையைக் கண்டவர் எவருமில்லை. மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர் எனக் கொண்டால், விளிம்பிலிருந்து நழுவிய பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 0.39 விநாடி ஆகும். ஜனதாவின் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு ஐந்து முறை துடிப்பது. ஆகவே திருகாணியின் வீழ்ச்சிக்காலம் அந்த வாட்சின் கணக்கிலேயே இரண்டு துடிப்புக்குக் கொஞ்சம் குறைவு. “ஐயோ” என்பதற்குள் ‘ஐ’ மட்டும் முடிந்திருக்கும்.

அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றே: அசையாமல் காது கொடுப்பது. ‘டிக்’ என்று கேட்டால் பொருள் தரையில் இருக்கிறது. கேட்காவிட்டால் அது ஆய்வாளரின் உடம்பில்தான் எங்கோ இருக்கிறது. எழுந்து உதறினால் ஆட்டம் முடிந்தது. இங்கே லுங்கியின் அறிவியல் மதிப்பைப் பதிவு செய்வது கடமை. தேர்ந்த கடிகாரத் தொழிலாளரின் மேசைக்கடியில், விழும் பொருளைத் தாங்குவதற்கென்றே இழுத்து விரிக்கக்கூடிய துணித்தட்டு இருக்கும். முழங்கால்களை அகட்டி உட்கார்ந்த நம்மூர்க்காரரின் லுங்கி அதே வேலையைத் தனிச் செலவில்லாமல் செய்கிறது. பேன்ட் போட்டு வாட்ச் பிரிப்பவரைப் பார்த்தால், அவர் இன்னும் எதையும் தொலைக்கவில்லை என்று அறிக.

தரைகளின் ஒப்பாய்வுதான் இத்துறையின் சாரம். வெள்ளை டைல்ஸ் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. பொருள் தெரியும், ஆனால் உருண்டு உருண்டு கட்டிலுக்கடியில் போய்த்தான் நிற்கும். மொசைக் தரை கொடியது. கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாகச் சில்லுகள் பதித்த அந்தப் பரப்பில் ஒவ்வொரு சில்லும் ஒரு திருகாணி போலவே மின்னும். 1970களிலும் 80களிலும் வீடு கட்டியவர்கள் மொசைக் போட்டார்கள், கையில் எச்.எம்.டி. கட்டினார்கள், இவ்விரண்டும் ஒருநாள் எதிரெதிரே நிற்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் வாட்ச் பிரிப்போர் அந்தப் பூவேலைப்பாட்டை ரசித்தபடி நம்பிக்கையைக் கைவிடலாம்.

சிவப்பு ஆக்ஸைடு தரைக்குத் தனிப் பத்தி வேண்டும். திருகாணி அதில் பளிச்சென்று தெரியும். தெரியாதது கல். டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருக்கிறதே, அது அலங்காரமன்று. சக்கரங்களின் அச்சுமுனைகள் தேயாமல் சுழலக் கல்லைத் துளைத்துப் பயன்படுத்தும் உத்திக்கு 1704இலேயே லண்டனில் காப்புரிமை பெற்றவர்களில் நிக்கோலா ஃபாசியோ என்ற கணித அறிஞர் ஒருவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் ஒகுஸ்த் வெர்னேய் செயற்கை மாணிக்கம் உருவாக்கும் முறையை வெளியிட்ட பிறகு கல் மலிவாயிற்று. 17இல் ஏழு பேலன்ஸுக்கும் அதைத் தட்டிவிடும் நெம்புகோலுக்கும் போகும். மிச்சம் பத்து, அச்சுகளைத் தாங்கும். பேலன்ஸின் மேல் மூடிக்கல்லை எண்ணெயிடக் கழற்றும்போதுதான் விபத்து நேரும். சிவப்புத் தரையில் சிவப்புக் கல். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம்.

“என்னங்க கீழ தேடுறீங்க?”

“மாணிக்கம் விழுந்துருச்சு.”

“ஐயையோ, எந்த மாணிக்கம்? கும்பகோணத்து மாமாவா?”

தேடும் முறைகளுள் காந்தத்துக்கு ஆதரவாளர் பலர். கல்லையும் பித்தளையையும் அது எடுக்காது என்பது ஒருபுறம். அப்படி எடுத்த எஃகுத் திருகாணியைக் காந்தம் நீக்காமல் பூட்டினால் அதன் காந்தத்தன்மை ஹேர்ஸ்பிரிங்குக்கும் தொற்றலாம். தலைமுடியை விட மெல்லிய அந்தச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுருளின் பயன்படு நீளம் குறையும், வாட்ச் தலைதெறிக்க ஓடும். வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி உறிஞ்சுவது கௌரவமான முறை. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தால் மில்லிமீட்டர் பொருளுக்கும் நீண்ட நிழல் விழும் என்பதும் உண்மையே; நிழலோடு தெரியவருவன அரிசிக்குருணை, ஜாக்கெட் கொக்கி, போன தீபாவளியின் மத்தாப்புக் கம்பித் துகள். எவ்வழியிலும் அகப்படாத பொருள், மறுநாள் காலை வீடு கூட்டும்போது முறத்தில் ஏறிக் குப்பைக்குப் போய்ச் சேரும். வீடு கூட்டுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் போட முயன்ற ஆய்வாளர்கள் உண்டு. அவர்களுடைய வீட்டில் இப்போது கூட்டுவது அவர்கள்தான்.

ஃபேன் குறித்தும் சொல்லியாக வேண்டும். அது ஓடினால் சிறு ஸ்பிரிங் பறக்கும். நிறுத்தினால், மே மாதச் சென்னையில், நெற்றி வியர்வை நேரே இயந்திரத்துக்குள் சொட்டும். துருவா, தொலைவா என்பதை அவரவர் முடிவுக்கு விடுகிறேன்.

இப்போது கருதுகோளுக்கு வருவோம். ஒரு திருகாணி தொலைந்தது. அதை மட்டும் தனியாக வாங்கலாம் என்று கிளம்பினால், எளிதில் கிடைப்பது முழு வாட்ச்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், துணி விரித்துப் பழைய சாமான் பரப்பியிருப்பவர் ஒன்றை எடுத்துக் குலுக்கிக் காதருகே நீட்டுவார். “ஓடுது பாருங்க சார்.” குலுக்கினால் பேலன்ஸ் சற்று ஆடத்தான் செய்யும், அந்தச் சில விநாடிகளை நம்பி வணிகம் முடிகிறது. உதிரிக்காக வாங்கிய இந்த வாட்சைத்தான் ‘டோனர்’ என்பார்கள். வீட்டுக்கு வந்து லென்ஸைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தால், டோனரின் டயல் ஏற்கெனவே வைத்திருப்பதைவிட நன்றாக இருக்கிறது. மை மங்கவில்லை, எழுத்தின் ஓரம் சுத்தம். மும்பையில் மறுவண்ணம் பூசி, தொழிற்சாலை கனவிலும் காணாத நீலத்திலும் ஆரஞ்சிலும் விற்கிறார்களே, அந்த வகையல்ல, அசல். இதையா உதிரிக்கு உடைப்பது? மனம் வரவில்லை. ஆக டோனர் பதவி உயர்வு பெற்று நோயாளியாகிறது. இப்போது இரண்டு வாட்ச், திருகாணி ஒன்று. மூன்றாவது வாங்கப்படுகிறது. அதில் சாவிச் சக்கரத்தின் திருகாணி இருக்கிறது. பல இயந்திரங்களில் அதற்கு இடமரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில்தான் கழலும். ஆய்வாளர் வழக்கமான திசையில் முழு பலத்தோடு திருப்ப, தலை முறிகிறது. நான்காவது தேவைப்படுகிறது.

மறுப்பாளர் கூறுவது: அழகுக்காகவும் வரலாற்றுக்காகவும் தேடித் தேடிச் சேர்ப்போர் இல்லையா? உள்ளனர். அவர்களுடைய முதல் வாட்சின் பின்மூடியைத் திறந்து, திருகாணிகளை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

புதிய உதிரிகளை வாங்கிப் பழைய பாணியில் வாட்ச் கட்டுவோர் என்றொரு கிளையும் உண்டு. இவர்கள் சீக்கோ குழுமத்தின் என்எச்35 போன்ற இயந்திரத்தை முழுதாக வாங்கி டயலும் முள்ளும் கூடும் பொருத்துவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விநாடி முள்ளை மட்டுமே தொலைக்கிறார்கள் என்பதால் இவர்களை இத்துறையின் தொடக்கநிலை மாணவராகக் கருதலாம்.

தெருமுனையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, பக்கத்தில் பஸ் போகிறது, அவர் கீழே குனிவதே இல்லை. கருதுகோளுக்கு ஒத்துவராத தரவு என்பதால் அவரை நீக்க நேர்ந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பீரோவில் ஓடாத ஜனதா ஒன்று கிடந்தால், அதன் பேலன்ஸ் பாலத்தைப் பிடித்திருக்கும் திருகாணியை மட்டும் கழற்றி அருகிலுள்ள ஆய்வாளரிடம் கொடுத்து உதவுங்கள். முழு வாட்சாகத் தரவே வேண்டாம். கழற்றும் முன் சாவியின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு, ஃபேனை நிறுத்தி, லுங்கிக்கு மாறிக்கொள்ளுங்கள்.