கர்சீப் போட்ட நாற்காலியும் கரீபியன் கடலும்

மகள் தயவில் மயாமியிலிருந்து ஏழு நாள் கப்பலில் கரீபியன் போய்வந்தேன் என்று போன மாதம் பேச்சுவாக்கில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டேன். சிட்லபாக்கம் ஏரி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோது ஒரு கடிதம்கூட வரவில்லை. இந்த ஒரு வரிக்கு ஒரு மஞ்சப்பை நிறையக் கேள்விகள். பொறாமைக்குத் தபால்தலை ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், குரோம்பேட்டை: டெக்ஸாஸில் இருக்கும் பையன் கால்வெஸ்டனிலிருந்து கரீபியன் கப்பலுக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். கடல் என்றால் மெரினாவில் கணுக்கால் நனைத்ததோடு சரி. உள்ளே எப்படி இருக்கும்?

கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். விடிந்தால் பந்தி, சாய்ந்தால் கச்சேரி. முன்பின் தெரியாதவர்கள் லிஃப்டில் சிரிப்பார்கள். அறைச் சாவி யாரிடம் என்று தம்பதிகள் நடுக்கூடத்தில் சண்டை போடுவார்கள். ஒரே வித்தியாசம், இந்த மண்டபம் நீங்கள் தூங்கும்போது ஊர் மாறிவிடும். மொய்யும் உண்டு. ஊழியர்களுக்கான அன்பளிப்பு என்று ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்திலிருந்து இருபது டாலர் வரை உங்கள் கணக்கில் தானாக ஏறும். பையன் அதையும் முன்னாலேயே கட்டிவிட்டானா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். கடைசி நாள் காலை பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்டால் குரல் வேறு மாதிரி வரும்.

நடக்கத் தெம்பு வேண்டும். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் நீளம் 365 மீட்டர். நம் பன்னிரண்டு பெட்டி மின்சார ரயில் ஏறத்தாழ 250 மீட்டர்தான். கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் பிரமாதமில்லை. பிரமாதம் எது என்றால் சொந்த அறையைக் கண்டுபிடிப்பது. எல்லாக் கதவும் ஒரே மாதிரி. நான் இரண்டாம் நாள் ராத்திரி யாருடைய கதவிலோ அட்டையைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் என் தோளைப் பிடித்து எதிர்வரிசைக்குத் திருப்பிவிட்டார். கதவு இரும்பு, காந்தம் ஒட்டும். வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து பிள்ளையாரைக் கழற்றி எடுத்துப் போங்கள்.

இரண்டு விஷயம் விளையாட்டில்லை. கப்பல் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பும்போது நீங்கள் மறுபடியும் அமெரிக்காவுக்குள் நுழைகிறீர்கள். உங்களுடையது பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பாருங்கள். அடுத்தது, முதல் நாள் ஆபத்துகாலப் பயிற்சி. ஏழு முறை குறுகலாகவும் ஒரு முறை நீளமாகவும் ஊதினால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பலருக்கு அதுவரை அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. கப்பல் கிளம்பும் முன்பு, அல்லது கிளம்பிய கையோடு, பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கியது அதற்குப் பிறகுதான். முதல் நாள் பஃபே எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் இதை முடியுங்கள்.

இல்லத்தரசி, மேடவாக்கம்: அமெரிக்காவில் எங்களுக்குப் பிள்ளை இல்லை, மருமகன் இல்லை. கரீபியன் எங்களுக்குக் கிடையாதா?

அம்மா, நீங்கள் போகாவிட்டால் என்ன, கரீபியனே பீச் ஸ்டேஷன் பக்கம் வந்து நின்றதே! 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலின் பூர்வீகம் தெரியுமா? பிரான்ஸில் கட்டி 1990-ல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனம் இறக்கிய கப்பல் அது. மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நாள், நான்கு நாள் சவாரி அடிப்பதற்கென்றே பிறந்தது. நடுவில் சில வருஷம் ஸ்பெயின்காரர்களிடம் போய், திரும்பி வந்து, 2017-ல் ஹவானா துறைமுகத்தையும் பார்த்துவிட்டு, 2020 டிசம்பரில் கைமாறி நம் பக்கம் வந்தது. பல்லாவரம் சந்தையில் நல்ல பொருள் அகப்படுவதில்லையா, அப்படி. நீளம் 211 மீட்டர். ஆக, நீங்கள் துறைமுகத்துக்குப் போக ஏறும் ரயில் அந்தக் கப்பலைவிட நீளம். கூட்டமும் ரயிலில்தான் ஜாஸ்தி.

2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. வெயில் காலம் முடிந்த கையோடு நம் ஊரிலிருந்து புறப்பாடு வைப்பதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொதிக்கும் மாதங்களில் மும்பையிலிருந்து உல்லாசமாகக் கிளம்ப முடியாது. வங்கக்கடல் அப்போது கொஞ்சம் சாதுவாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலின் குணம் உங்களுக்கே தெரியும். இந்த வருஷம் என்றைக்குப் புறப்பாடு என்று விசாரித்துவிட்டு லீவு போடச் சொல்லுங்கள்.

கையிருப்பு குறைவு என்றால் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் ஆரம்பித்து, நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். நீச்சல்குளம் இல்லை, கச்சேரி இல்லை. அக்கரையில் இறங்கினால் யாழ்ப்பாணம். அதைவிட என்ன வேண்டும்?

பேரன் பேத்தி எடுத்தவர், சேலையூர்: இட்லி கிடைக்குமா? உண்மையைச் சொல்லவும்.

உண்மை கசக்கும், கிடைக்காது. ஆனால் பட்டினி கிடக்க வேண்டாம். முதல் நாள் இரவு பெரிய சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்ததும் உங்கள் மேஜைப் பொறுப்பாளரிடம் ‘இந்திய சைவம்’ என்று சொல்லிவிடுங்கள். கப்பல் சமையலறைகளில் நம் நாட்டுக்காரர்கள் நிறைய. மறுநாளிலிருந்து தாலும் பனீரும் தனியாக வந்து உட்காரும். ஏழாம் நாள் பனீரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள், அது வேறு கதை. வீட்டில் செய்த முறுக்கு, தட்டை எல்லாம் பல கப்பல்களில் ஏற்ற விடுவதில்லை. கடையில் வாங்கி, பிரிக்காத பாக்கெட் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். எலெக்ட்ரிக் கெட்டில், குட்டிக் குக்கர், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் பெட்டிச் சோதனையிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். நடுக்கடலில் தீயைப்போலப் பகை வேறில்லை. இன்ஸ்டன்ட் காபிப் பொடி கொண்டு போனால், பஃபேயில் வெந்நீர் எந்நேரமும் வரும். அதைக் காபி என்று சொல்லிக்கொள்ளும் மனவலிமை மட்டும் உங்களுடையது.

பெயர் வேண்டாம் என்றவர், முடிச்சூர்: 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவுக்கே படகு வந்தது. இதற்கு மேல் கப்பல் எதற்கு?

நியாயம். அந்தப் படகில் பால் பாக்கெட்டாவது கொடுத்தார்கள்.

ஆட்டோ ஓட்டுநர், பெருங்களத்தூர்: ஊட்டி மலைப்பாதையிலேயே எனக்குக் குமட்டும். கப்பலில்?

ஊட்டி பஸ்ஸைவிடக் கப்பல் தேவலை. பெரிய கப்பல்களின் வயிற்றில் இரு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி நிலைநிறுத்திகள் உண்டு, பக்கவாட்டு ஆட்டத்தை அவை விழுங்கிவிடும். ஆனாலும் ஆடும் நாள் ஆடும். ஊஞ்சலின் நுனியைவிட நடுவில் ஆட்டம் குறைவல்லவா, அதனால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். தலை சுற்றினால் கைபேசியை மூடிவிட்டு வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். அவோமின் மாத்திரை போடுவதென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, குமட்டல் வருமுன் போட வேண்டும். வந்த பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். என் மனைவி இஞ்சி மரப்பா கொண்டு வந்திருந்தாள். எதிர்ச்சீட்டு வெள்ளைக்காரம்மாள் ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு, மீதி நாளெல்லாம் எங்களைப் பார்த்தாலே கையை நீட்டினார்.

மின்சார ரயில் பயணி, பல்லாவரம்: நம்மாட்கள் வெளிநாட்டுக் கப்பலில் ஏறினால் மானத்தை வாங்கிவிடுவார்கள்தானே?

அதெல்லாம் இல்லை. நீச்சல்குளத்தைச் சுற்றிலும் சாய்வு நாற்காலி போட்டிருப்பார்கள். காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். எல்லா நாற்காலியிலும் துண்டு. ஆள் ஒருவரும் இல்லை! போட்டவர்கள் எல்லாம் ஐரோப்பா, அமெரிக்கா. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டுச் சீட்டுப் பிடித்து வளர்ந்த எனக்கு அந்தக் கணமே சொந்த ஊர் வந்த மாதிரி இருந்தது. அரை மணி, முக்கால் மணி ஆள் வராவிட்டால் ஊழியர்கள் துண்டை எடுத்துவிடலாம் என்று கப்பலில் விதி உண்டு. நம் கண்டக்டர்கள்கூட இவ்வளவு கண்டிப்பில்லை.

கல்லூரி மாணவி, கிழக்குத் தாம்பரம்: நடுக்கடலில் ரீல்ஸ் போட முடியுமா?

முடியும், அப்பாவின் பிராவிடண்ட் ஃபண்டில் கொஞ்சம் இருந்தால். கரை மறைந்ததும் உங்கள் கைபேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டணம் சாதாரண ரோமிங் திட்டத்தில் பெரும்பாலும் அடங்காது. நான் பத்து நிமிஷம் மச்சினனிடம் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அந்தக் காசில் புதிதாக ஒரு தோட்டமே வைத்திருக்கலாம். கப்பல் ஏறியதும் ஏரோப்ளேன் மோடு. வேண்டுமென்றால் கப்பலின் வைஃபையைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம், வீட்டிலேயே முன்பதிவு செய்தால் விலை பெரும்பாலும் குறைவு. இன்னொன்று: தீவில் இறங்கும்போது கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். தீவின் நேரம் வேறாக இருக்கலாம். தாமதமானவர்கள் துறைமுக மேடையில் ஓடி வருவதை மேல்தளத்தில் நின்று கைதட்டி வேடிக்கை பார்ப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு. கப்பல் நிற்காது. அடுத்த வண்டி பத்து நிமிஷத்தில் வர அது பீச் லோக்கல் இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ராஜகீழ்ப்பாக்கம்: என் தாத்தா ‘ரஜூலா’வில் பினாங்கு போனவர். அது உல்லாசக் கப்பலா?

ஐயா, உல்லாசக் கப்பலுக்கும் ரஜூலாவுக்கும் ஒரே சம்பந்தம், இரண்டும் மிதந்தன என்பதுதான். 1926-ல் கட்டிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை போய்வந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் டன் கொள்ளளவு. அதில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற ஆரம்பத்தில் அனுமதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்: ஐகானுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் டன், அதில் பயணிகள் அதிகபட்சம் 7,600. அதாவது சாயங்காலம் ஆறு மணிக்கு மாம்பலத்தில் ஏறும் கூட்டத்தோடு ஒரு வாரம் கடலில் இருந்திருக்கிறார் தாத்தா. பாய், டிரங்குப் பெட்டி, கூஜா, தலைக்கு மேலே படுதா. எனக்குத் தினமும் அறைக்கு வந்து துண்டை அன்னமாகவும் குரங்காகவும் மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் குரங்கைப் பார்த்தபோதெல்லாம், உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் ஞாபகம் வந்து கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ரஜூலாவுக்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ 1985-ல் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பாதையே மூடிப்போயிற்று.

கிரிக்கெட் ரசிகர், மாடம்பாக்கம்: கரீபியனில் தமிழர் உண்டா?

கிரிக்கெட் பார்ப்பவர் கேட்கும் கேள்வியா இது? வெஸ்ட் இண்டீஸுக்குப் பந்து வீசிய வீரசாமி பெருமாள் எந்த ஊர்ப் பெயர் என்று நினைத்தீர்கள்? கயானாக்காரர். அதே கயானாவில் 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்தும், பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் போனவர்களின் வழி வந்தவர்கள் நிறைய. பிரெஞ்சுத் தீவுகளுக்கு அப்படிப் போன முதல் கப்பல் ‘ஓரேலி’ மார்தினிக் தீவில் கரைசேர்ந்தது 1853 மே மாதம். பேச்சில் தமிழ் போய்விட்டது. பெயர்களில், கோயில்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குவாதலூப்பில் மாரியம்மன் ‘மாலியெமென்’ ஆகியிருக்கிறாள். மார்தினிக்கில் ‘கொலொம்போ’ என்று ஒரு மசாலாக் கறி உண்டு. அது நம் குழம்புதான் என்பாரும் உண்டு, கொழும்பு நகரம் என்பாரும் உண்டு. என் ஓட்டு குழம்புக்கு. தெற்குக் கரீபியன் பாதையில் போகும் கப்பல் என்றால் இந்தத் தீவுகளில் நிற்கிறதா என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். மற்றவர்கள் கடற்கரைக்கு ஓடட்டும், நீங்கள் கோயிலுக்கு வழி கேளுங்கள்.

வேட்டி பக்தர், நங்கநல்லூர்: ‘ஃபார்மல் நைட்’ அன்று கோட்டு போட்டே ஆக வேண்டுமா?

வேண்டாம். பட்டுப்புடவை, வேட்டி சட்டை என்று அவரவர் நாட்டு உடை தாராளமாகச் செல்லும். நான் மயில்கண் வேட்டியில் போனேன், மூன்று பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சாப்பாட்டுக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேல்தளத்துக் காற்று பொல்லாதது. ஒட்டிக்கோ வேட்டி என்றால் நலம்.

புதிதாகக் கப்பல் போய்வந்தவர், கேம்ப் ரோடு: திரும்பி வந்து இரண்டு நாளாகிறது. வீடு இன்னும் ஆடுகிறது. வாஸ்து சரியில்லையா?

கடலாட்டத்துக்குப் பழகிய உங்கள் காது இன்னும் கரைக்கு வரவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகும். வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அதற்கு முன் வாசலை ஒரு தடவை எட்டிப் பாருங்கள், தண்ணி லாரி போய்க்கொண்டிருக்கப் போகிறது.