நாலு போல்ட்டும் ஒரு வௌவால் பாட்டியும்

நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சுற்றிலும் வெறும் பொட்டல், நடுவில் ஒரு பாறை. தரையிலிருந்து உச்சி சுமார் 480 மீட்டர். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலையின் தொண்டையிலேயே குழம்பு இறுகிக்கொண்டது. அப்புறம் காற்றும் மழையும் மலையின் உடம்பைக் கரைத்துக்கொண்டு போய்விட, தொண்டை மட்டும் மிச்சம். வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு அது பாய்மரக் கப்பலாகத் தெரிந்ததாம். கண்ணுக்கெட்டிய தூரத்தில் கடலே கிடையாது. ஆனாலும் ஷிப்ராக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கேயே வாழும் நவஹோப் பழங்குடியினருக்கு அது சிறகுள்ள பாறை.

இதில் முதலில் ஏறியது யார் என்று மலையேற்றக்காரர்களைக் கேட்டால், 1939, நாலு பேர், கலிபோர்னியா என்று பேர் ஊரோடு ஒப்பிப்பார்கள். நவஹோக்களிடம் வேறொரு பழைய கணக்கு இருக்கிறது. அதன்படி முதலில் மேலே போனவன் அசுரர்களைக் கொல்வதையே தொழிலாக வைத்திருந்த ஒரு வீரன். அவனும் ஏறவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள்.

உச்சியில் ஓர் அசுரப் பறவைத் தம்பதி கூடு கட்டியிருந்தது. மனிதர்களைக் கவ்விக்கொண்டு வந்து பாறையில் போட்டு உடைத்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுவது அவற்றின் வழக்கம். நம் ஆளும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தான். மந்திர இறகு ஒன்று கையில் இருந்ததால் உடையவில்லை. குஞ்சுகளை மிரட்டி, “உங்கள் அப்பா எப்போது வருவார்?” என்று கேட்டான். ஆண்மழை பெய்யும்போது அப்பா வருவார், பெண்மழையில் அம்மா வருவாள் என்று அவை உளறிவிட்டன. இடியோடு கொட்டுவது ஆண்மழை, சத்தமில்லாமல் நனைப்பது பெண்மழை. மின்னல் அம்பால் இரண்டையும் முடித்தான். குஞ்சுகள் பாவம் என்று ஒன்றைக் கழுகாகவும் இன்னொன்றை ஆந்தையாகவும் மாற்றி அனுப்பிவைத்தான்.

எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. கொன்றது தன் வாகனத்தை!

கீழே வௌவால் கிழவி ஒருத்தி முதுகில் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். “பாட்டி, என்னை இறக்கிவிடு” என்று மேலிருந்து கத்தினான். வந்தாள். கூடையைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தான்: சிலந்தி நூல் கனம்கூட இல்லை. அசுரனுக்கு அஞ்சாதவன் இங்கே அஞ்சினான். “நம்பிக்கை இல்லையென்றால் கல்லைப் போட்டுப் பார்” என்றாள் பாட்டி. அவனும் கூடை நிறையக் கல்லை அடுக்கிச் சோதித்த பிறகுதான் உட்கார்ந்தான். பாட்டி போட்ட ஒரே நிபந்தனை, கண்ணைத் திறக்கக் கூடாது. பாதி வழியில் லேசாகத் திறந்தான். கூடை சர்ரென்று விழ ஆரம்பித்தது. பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி மூடினான். இறக்கிவிட்டதற்குக் கூலி, செத்த பறவையின் இறகு. அந்த இறகைக் கூடையில் சுமந்துகொண்டு, போகாதே என்று அவன் சொன்ன பூக்காட்டு வழியாகவே பாட்டி போனாள். இறகெல்லாம் சின்னச் சின்னக் குருவிகளாகிப் பறந்துவிட்டன. சொன்ன பேச்சைக் கேட்பது இந்தக் கதையில் யாருக்குமே வரவில்லை.

உலகத்தில் எந்த மலையேற்ற வரலாற்றிலும் கயிற்றின் தரத்தை இவ்வளவு கவலையோடு விசாரித்த இடம் இதற்கு முன் இருக்குமா என்பது என் சந்தேகம்.

1930களில் இந்தப் பாறையில் ஏறக் கொலராடோக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஆர்ம்ஸ், ஆங்கில ஆசிரியர். 1937இல் பாறையிடுக்கில் இரும்பு முளையை அடித்து, அதில் கயிற்றை மாட்டி ஏறிக்கொண்டிருந்தபோது தவறி விழுந்தார். முளை வளைந்தது, பிடுங்கிக்கொள்ளவில்லை; மனுஷன் பிழைத்தார். ஆசிரியராயிற்றே, சும்மா இருப்பாரா? அதை எழுதி, 1939இல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகையில் வெளியிட்டார். வீரர் பெயரையோ மலையின் பெயரையோ விட்டுவிட்டு, அந்த வளைந்த இரும்புத் துண்டையே தலைப்பாக்கினார். விழுந்த கதைக்கு நாடு முழுக்க வாசகர்கள். ஏறிய கதையாக இருந்தால் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் ஆசை வரத்தானே செய்யும்?

அதே ஆண்டு அக்டோபரில் பெர்க்லியிலிருந்து நாலு பேர் காரில் கிளம்பினார்கள்: டேவிட் பிரௌவர், ஜான் டயர், ராஃபி பெடேன், பெஸ்டர் ராபின்சன். கடைசி ஆள் தொழிலால் வக்கீல். அவர் எதற்கு என்பது பின்னால் தெரியும்.

ஷிப்ராக்கின் பாதை குசும்பு பிடித்தது. மேற்கே பள்ளத்தில் நுழைந்து கஷ்டப்பட்டு ஒரு கணவாய்க்கு ஏறினால், அங்கிருந்து மறுபக்கம் கயிற்றில் இறங்க வேண்டும். இறங்கி, பக்கவாட்டில் ஊர்ந்து, மறுபடி ஏற வேண்டும். சம்பாதித்த உயரத்தைச் செலவழித்துவிட்டுத் திரும்பவும் சம்பாதிப்பது. கல்லும் கெட்டிக் கல் அல்ல. பல இடங்களில் கையோடு வந்துவிடும். முளை அடிக்க இடுக்கும் இல்லாத இடங்களில் இவர்கள் பையிலிருந்து எடுத்ததுதான் அந்த நாலு போல்ட்.

கட்டட வேலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. சுவரில் துளை போட்டு உள்ளே செலுத்தினால் விரிந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் அமெரிக்க மலையேற்றத்தில் அதுவரை யாரும் இதைப் பயன்படுத்தியதில்லை. ஒரு கையால் உளியைப் பிடி, மறு கையால் சுத்தியலால் தட்டு, உளியைச் சற்றுத் திருப்பு, மறுபடி தட்டு, துளைக்குள் தூளை ஊதித் தள்ளு. ஊதினால் தூள் வேறெங்கே போகும், கண்ணுக்குத்தான். கால் நிற்பதோ விரல் நுனி அளவு விளிம்பில்.

மலையேற்ற தர்மப்படி இது பாவம். இங்கேதான் வக்கீல் உதவினார். போல்ட்டைப் பிடித்து ஏறினால் அது தவறு, ஒத்துக்கொள்கிறோம். உயிருக்குப் பாதுகாப்பு என்று வந்தால் சட்டதிட்டம் ஏது என்பது ராபின்சனின் வாதம். ஆகவே இரண்டு போல்ட் விழுந்தால் தாங்க, இரண்டு நிற்பவரைக் கட்டிவைக்க. மேலே இழுக்க ஒன்றுமில்லை. கேஸ் ஜெயித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்தவர்கள் உலகத்துப் பாறைகளையெல்லாம் துளைத்தார்கள். 1970இல் சேசரே மேஸ்த்ரி என்ற இத்தாலியர் படகோனியாவின் செர்ரோ டோரேக்குப் பெட்ரோல் கம்ப்ரெசரையே ஏற்றிக்கொண்டுபோய், நூற்றுக்கணக்கில் போல்ட் அடித்து, இயந்திரத்தைச் சுவரிலேயே தொங்கவிட்டு வந்தார். ராபின்சன் இந்தக் கேஸை எடுத்திருப்பாரா தெரியாது.

நாலாம் நாள், அக்டோபர் 12. உச்சிக்குச் சற்றுக் கீழே கொம்பு போல் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. டயர் கயிற்றில் சுருக்குப் போட்டு, மாடு பிடிக்கிற கௌபாய் கணக்காக வீசி அதில் மாட்டினார். ஏறினார்கள். கூடும் இல்லை, குஞ்சும் இல்லை.

பிரௌவர் ஊர் திரும்பி முதல் காரியமாகக் கட்டுரை எழுதினார். எந்தப் பத்திரிகை? அதே ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’, 1940 பிப்ரவரி. ஏறவே முடியாது என்று சொன்னார்களாம் என்பது தலைப்பின் சாரம். ஆர்ம்ஸ் அதைப் படித்தபோது வளைந்த முளையை எங்கே வைத்திருந்தாரோ. பிரௌவர் பிற்பாடு சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாகி, கிராண்ட் கேன்யனில் அணை கட்டக் கூடாது என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்று பெரிய பெயர் எடுத்தார். பாறையைத் துளைத்த கை பாறைக்காகப் பரிந்து பேசியது. நவஹோக்களிடம் அந்த நாலு துளைக்கு அனுமதி கேட்டதாக மட்டும் நான் எங்கும் படித்ததில்லை.

1970இல் ஒரு விபத்துக்குப் பிறகு நவஹோக்கள் ஷிப்ராக்கில் ஏறுவதற்கே தடை போட்டுவிட்டார்கள். தடை இன்றும் இருக்கிறது. ஆனாலும் திருட்டுத்தனமாக ஏறுகிறவர்கள் இருக்கிறார்களாம். உயிரைப் பணயம் வைத்து உச்சியைத் தொட்டு இறங்கிவிட்டு, படம் போட முடியாமல், பெயர் போட முடியாமல், ஒரு பத்திரிகைக்கும் எழுத முடியாமல் வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மலையேறிக்கு இதைவிடக் கடுமையான அபராதத்தை எந்தக் கோர்ட்டும் விதித்திருக்க முடியாது.