கம்பீரமான குட்டி

(கூமாப்பட்டி. ராஜபாளையம் குட்டி வளர்த்து விற்கும் சித்தப்பா. விலங்கியல் படிக்கும் அண்ணன் மகள்.)

சித்தப்பா: பாருத்தா, உடம்புல ஒரு புள்ளி உண்டா? பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. எல்லாம் பிளவக்கல் அணைத் தண்ணி. 2005-லயே தபால்தலை போட்ட இனம்!

மகள்: (குட்டிக்குப் பின்னால் தாம்பாளத்தைத் தட்டுகிறாள். குட்டி தன் காலை நக்கிக்கொண்டிருக்கிறது.) இதுக்குக் காது கேட்கல சித்தப்பா.

சித்தப்பா: அது கம்பீரம். கண்டவ தட்டுனா திரும்புமா?

மகள்: பிறந்து ரெண்டு வாரம் எல்லாக் குட்டிக்கும் காது அடைச்சுத்தான் இருக்கும். இதுக்கு ரெண்டு மாசம் ஆச்சே!

சித்தப்பா: அப்ப திருஷ்டி. நம்ம தண்ணி ரெண்டு சொட்டு விட்டாச் சரியாயிரும். ரீல்ஸ்ல எல்லாரும் சொல்றாங்க.

மகள்: வெள்ளைதான் சித்தப்பா வினை. கருவோட முதுகுப் பக்கம் தட்டையா ஒரு செல் வரிசை இருக்கும். ஆக்டின்னு ஒரு புரதம் செல்லோட மேல்முனையை இறுக்க, அம்புட்டும் சுருண்டு குழாயாகும். மூளை, தண்டுவடம் எல்லாம் அதுலேர்ந்துதான். அந்தக் குழாய் உச்சியிலேர்ந்து சில செல் பிரிஞ்சு நடந்து போகும்.

சித்தப்பா: செல்லுக்குக் கால் ஏதுத்தா?

மகள்: முன்பக்கம் ஆக்டின் இழை வளர்ந்து சவ்வைத் தள்ளும், பின்பக்கத்தை மயோசின் இழுத்துக்கும். அதான் நடை. அப்படித் தோலுக்குப் போறதுதான் நிறம் கொடுக்கும். உள்காதுக்கும் போகணும். போகலேன்னா காதுக்குள்ள இருக்குற நீர்ல பொட்டாசியம் குறைஞ்சு, சத்தம் வாங்குற செல் செத்துரும்.

சித்தப்பா: நீ போய்ப் பார்த்தியாக்கும்?

மகள்: கிளாஸ்கோவுல பார்த்தாங்க, 2011-ல. எலியோட நிறச் செல்லுல மட்டும், ஆக்டினை முடுக்கிவிடுற ராக்1 புரதத்தை எடுத்துட்டாங்க. முதுகுலேர்ந்து வயிறு தூரமில்லையா? செல் போய்ச் சேரல, வயிறு வெளுத்துருச்சு. நம்ம குட்டியில நடக்காமப் போச்சா, வழியில செத்துச்சான்னு திண்ணையில உக்காந்து சொல்ல முடியாது.

சித்தப்பா: எப்படியோ போகட்டும். வெள்ளைக்குத்தான் வெலை.

மகள்: வராத செல்லுக்கு வெலை. நூறு நாள் வேலையில வராத ஆளுக்குக் கூலி போட்ட கதைதான்.

சித்தப்பா: ஊர்க்கதையை இழுக்காத. வெள்ளையெல்லாமா செவிடு?

மகள்: இல்ல, நெறைய குட்டிக்கு நல்லாவே கேட்கும். ஆனா வெள்ளையோட வெள்ளையாப் பார்த்தே சேர்த்துக்கிட்டிருந்தா செவிடும் கூடவே வரும். புள்ளி விழுந்த குட்டியை என்ன செய்றீங்க?

சித்தப்பா: ராவோட ராவா யாருக்காச்சும் சும்மா கொடுத்துருவேன். மானம் போயிரும்ல! (போன் அடிக்கிறது.) ஏங்க, கூமாப்பட்டிதாங்க... பேச்சு கேட்குமாவா? வேத்தாள் பேச்சு காதுலயே விழாது சார்!

மகள்: வாங்குறவர் பேச்சும் விழாதே.

சித்தப்பா: அதை அவர் கேட்கலியே.

மகள்: சரி, நம்ம தோப்புக் காவலுக்கு எந்த வெள்ளையை விட்டிருக்கீங்க?

சித்தப்பா: கோட்டிக்காரி! தேங்காய் கெடக்குற எடத்துல வெள்ளையை விடுவாங்களா? அங்க நிக்கிறது செவலை நாட்டு நாய். மட்டை விழுந்தாலும் கொலைக்கும்.