இரண்டு இட்லி

எங்கள் அப்பா இறந்தது 1984 ஐப்பசியில். அதற்கு முந்தின இரவு அவர் சாப்பிட்டது இரண்டு இட்லி. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் எங்களுக்கு உறவு என்று சொல்லிக்கொண்ட அத்தனை பேருக்கும் இந்த விவரம் தெரியும்; அவர்கள் வழியாக அவர்களுடைய சம்பந்திமார்களுக்கும் தெரிந்திருக்கும். கேதம் கேட்க வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் அம்மா அதை முதலிலிருந்து சொன்னாள். “ராத்திரி எட்டரை இருக்கும். ரெண்டு இட்லி வச்சேன். இன்னொண்ணு வைக்கட்டான்னு கேட்டேன். போதும்னாக...” சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் அடுத்த டவுன் பஸ் கூட்டத்தின் அழுகை கேட்கும். இருக்கிறவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். வந்தவர்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து, தலையோடு தலை சேர்த்து ஒரு பாட்டம் அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்த நிமிஷம்தான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் போல நிதானமாகக் கேட்பார்கள்: “கடேசியா என்ன சாப்புட்டாக?”

நாளாக ஆகக் கதைக்கு மெருகு ஏறியது. மூன்றாம் நாள் இட்லி ஒன்றரை ஆயிற்று. ஏழாம் நாள், “போதும்” என்று சொல்லும்போது அப்பா அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்திருந்தார். பதினாறாம் நாள் கருமாதிக்குள், “எனக்குப் போதும், நீ சாப்பிடு” என்றே சொல்லியிருந்தார். அப்பா அப்படிச் சொல்கிற மனுஷர் இல்லை. அம்மா சாப்பிட்டாளா என்று அவர் கேட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது 26 வயது. பி.எஸ்சி. பட்டம், திருச்சியில் வங்கி வேலை, கையில் எச்.எம்.டி. வாட்ச், உலகத்தைத் திருத்த இவ்வளவு போதும் என்ற நினைப்பு. அடுக்களையில் அம்மா தனியாகச் சிக்கியபோது, “எத்தனை தடவைதாம்மா அந்த இட்லியையே சொல்லுவே?” என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நாலாட்டின்புத்தூர்க்காரர்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. போய் உட்கார்ந்து, “ராத்திரி எட்டரை இருக்கும்” என்று ஆரம்பித்தாள்.

எனக்குச் சேதி வந்தது தந்தியில். ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ அந்தக் காலத்துத் தந்தியில் யாரும் செத்ததே கிடையாது. எல்லோரும் சீரியஸாகத்தான் இருந்தார்கள். பஸ்ஸில் வரும் வழி முழுக்க நமக்கும் உண்மை தெரியும், பக்கத்துச் சீட்டுக்காரருக்கும் தெரியும். இருந்தாலும், ‘ஒண்ணும் ஆகாது தம்பி’ என்று அவர் ஒரு வெற்றிலையை மடித்துக் கொடுப்பார். 2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். வாழ்நாளில் தந்தி கொடுத்திராத பிள்ளைகள் கடைசி நாளன்று ஞாபகத்துக்கு ஒன்று அனுப்ப வரிசையில் நின்றார்கள் என்று படித்தேன். தந்தியின் சாவுக்கு மட்டும் சீரியஸ் என்று சொல்லி மழுப்பாமல் தேதியை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்.

தந்தி போகாத ஊர்களுக்கு ஆள் போனார். ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து வந்தவர். ஒன்பது ஊருக்கு நடந்தே போய், வாசலோடு நின்று சொல்லி, வாசலோடு திரும்பினார். அது அவர் தேடிக்கொண்ட வேலை அல்ல, பிறந்த பாவத்துக்கு ஊர் கட்டிவிட்ட சுமை. சின்ன வயதில் அப்பாவும் அவரும் கண்மாயில் ஒன்றாக மீன் பிடித்தவர்கள். இராத்திரி கொல்லைப்புறத்தில் கஞ்சி குடித்துவிட்டுப் போனார். அவரிடம் யாரும் கேதம் கேட்கவில்லை. அந்தக் காலத்தை நினைத்து உருகும்போதெல்லாம் இந்தக் கஞ்சிச் சட்டி குறுக்கே வந்து நிற்கும்.

ஆனால் அன்றைக்கு நான் திருத்தப் புறப்பட்டது இதை அல்ல, ஒப்பாரியை. அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒப்பு வைத்து அழுவதில் அந்த வட்டாரத்திலேயே பேர் வாங்கியவள். அண்ணனைத் தங்கமென்றும் தேரென்றும் இரண்டு சுற்றுப் புகழ்ந்துவிட்டு, மூன்றாவது சுற்றில், கல்யாணச் சீராகத் தருவதாகச் சொல்லி 22 வருஷமாகத் தராமல் போன கறவைப் பசுவை ராகம் பிசகாமல் உள்ளே ஓட்டி வந்தாள். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த அடியை அம்மா எடுத்தாள்: பசு பஞ்சத்தில் செத்ததையும், அதற்காக உன் அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததையும் நீ அறியவில்லையே என்று. இரண்டு பேரும் கட்டிக்கொண்டுதான் அழுதார்கள். கோர்ட்டுக்குப் போயிருந்தால் ஜில்லா முன்சீப் பத்து வருஷம் வாய்தா போட்டிருக்கக்கூடிய வழக்கு, பிணத்தின் தலைமாட்டில், நிறைநாழி நெல் சாட்சியாக, தீரப்போகிற நேரம். அப்போதுதான் நான் போய் நின்று, “எல்லாரும் ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்துவோம்” என்றேன்.

அத்தை அழுகையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “செத்த வீட்டுல சும்மா இருக்கதுக்கு நாங்க எதுக்குய்யா பஸ் ஏறி வந்தோம்?”

இருந்தும் நின்றார்கள். படித்த பிள்ளை சொல்கிறான் என்று நின்றார்கள். பசு வழக்கு அப்படியே நின்றுபோயிற்று.

ஆண்கள் பக்கத்தில் இந்தச் சங்கீதம் கிடையாது. தெருவில் போட்ட பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். வருகிறவர் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி, இரண்டு கையையும் நீட்டுவார், நாங்கள் தொடவேண்டும். வாங்க என்று சொல்லக்கூடாது. அவரும் போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் எழுந்து போவார். கலப்பை பிடித்துக் காய்த்த கைகள், தீப்பெட்டி ஆபீஸ் மருந்து நெடி போகாத கைகள், எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின் நடுங்குகிற கை என்று அன்றைக்கு இருநூறு கையாவது தொட்டிருப்பேன். செத்தவரை நினைத்துப் பாடும் சங்கப் பாட்டுக்குப் பழைய இலக்கணத்தார் ‘கையறுநிலை’ என்று பெயர் வைத்தார்கள். பாரி போனபிறகு அவன் மகள்களும், அதியமான் போனபிறகு ஔவையும் பாடியது அந்தத் துறையில்தான். துக்கத்தில் மனுஷனுக்கு முதலில் செயலற்றுப் போவது கை என்று கண்டுபிடித்த ஆளுக்குக் கும்பிடு போடவேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேனா என்றால் இல்லை. ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாது என்று தாய்மாமா காதோரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கருமாதிக்கு முந்தின இரவு, அத்தனை நாளும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத அதே பெண்கள், அவளுக்குத் தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் போட்டு உட்காரவைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வளையல் உடைகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பாட்டை நிறுத்தத் தைரியம் வந்த பி.எஸ்சி. பட்டதாரி, அந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் நின்று வாட்ச்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான்.

2023 ஜனவரியில் என் மனைவி போனாள். சென்னையில் அடுக்ககம், நாலாவது மாடி. ஆஸ்பத்திரியிலிருந்து லிஃப்டில் கொண்டுவந்து ஃப்ரீசர் பாக்ஸில் வைத்தார்கள். கண்ணாடி மூடி, கன்னத்தைத் தொடமுடியாது. பெட்டி ஓடுகிற சத்தம் மட்டும் ராத்திரி முழுக்கக் கேட்டது, எங்கள் வீட்டில் ஒப்பாரி வைத்தது அது ஒன்றுதான். கேதம் கேட்க வந்தவர்களைக் கேட்டில் நிறுத்தி, காவலாளி செல்போனில் என்னிடம் கேட்டார்: “சார், விசிட்டர் நாலு பேர், அப்ரூவ் பண்ணுங்க.” பண்ணினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பண்ணினேன்.

வாட்ஸ்அப்பில் ‘ஆழ்ந்த இரங்கல்’ 200-ஐத் தாண்டியது. ‘ஆழ்ந்த’ என்று தட்டியதுமே ‘இரங்கல்’ என்று போனே எடுத்துக்கொடுக்கும் என்பது எனக்கும் தெரியும். நானும் அப்படி எத்தனையோ பேருக்கு அனுப்பியவன்தான். அடுக்ககக் குழுவில் என் மனைவிக்கான அஞ்சலிக்கும் அடுத்த அஞ்சலிக்கும் நடுவே, தண்ணீர் லாரி நாலு மணிக்கு வரும் என்ற அறிவிப்பும் இருந்தது. வரிசை வரிசையாகக் கூப்பிய கைகளின் படம் வந்தது. மஞ்சள் நிறத்தில், காய்ப்பு ஏறாத, நெடியில்லாத கைகள்.

எல்லோரும் நல்லவர்கள். இன்ன நோய், இத்தனை மணிக்கு, இந்த மயானம் என்று என் மகன் டொரண்டோவிலிருந்து ஒரே செய்தியில் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டுவிட்டதால், யாருக்கும் என்னிடம் கேட்க எதுவும் மிச்சமில்லை. வந்தவர்கள் என் மனம் நோகக்கூடாது என்று மழையைப் பற்றியும் மெட்ரோ வேலையைப் பற்றியும் பேசினார்கள். ஒரு மாமாவின் மகன் மட்டும் “ஸ்டே ஸ்ட்ராங்” என்றான். தாய்மாமா காதோரம் சொன்னதுதான், இங்கிலீஷில். மூன்றாம் நாள் வீடு காலி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் கேட்ட இரண்டு நிமிஷ மௌனம் வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது.

மகன் நாள் தவறாமல் வீடியோவில் வந்தான். “அப்பா, ப்ரொஃபஷனல் ஹெல்ப் எடுத்துக்கோங்க, இப்ப எல்லாரும் எடுத்துக்கறாங்க.” மத்திய அரசு 2022 அக்டோபரில் டெலி-மானஸ் என்று ஒரு மனநல உதவி எண் தொடங்கியிருந்தது, 14416. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். தமிழிலேயே ஒரு பையன் பேசினான், தூக்கம் வருதா சார் என்று பொறுமையாகக் கேட்டான். அந்த அகாலத்தில் கேட்க ஒருவன் இருந்ததே பெரிய விஷயம். அம்மாவுக்கு, வளையல் உடைத்த அந்த ராத்திரி, கூப்பிட ஒரு எண் இருந்ததா என்ன? மகளும் தன் பங்குக்குப் படித்துவிட்டுச் சொன்னாள்: அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-இல் தங்கள் கையேட்டில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், 12 மாதம் கழித்தும் துக்கம் ஆளை முடக்கிப் போட்டிருந்தால்தான் அந்தப் பெயர், உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆறு மாதமே போதும். எங்கள் ஊரிலும் தலைத் திவசம் வரைக்கும் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. அமெரிக்காவும் கரிசல் காடும் ஒத்துப்போகிற ஒரே கணக்கு இதுவாகத்தான் இருக்கும்.

கடைசியில், இழந்தவர்கள் கூடிப் பேசுகிற குழு ஒன்றில் சேர்ந்தேன். மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரு நூலகத்தின் மாடியில். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஸ்டூல் மேல் டிஷ்யூ பெட்டி. நடத்துகிற பெண்ணுக்கு என் மகள் வயது. விதிகள் சொன்னார்: யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது, துக்கத்தை ஒப்பிடக்கூடாது, இங்கே பேசுவது இங்கேயே இருக்கவேண்டும். எங்கள் ஊர்க் கேத வீட்டில் இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் பாயும் வெற்றிலைத் தட்டும்தான். கூப்ளர்-ராஸ் அம்மையாரின் ஐந்து கட்டங்களையும் பலகையில் எழுதினார்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. வங்கிப் புத்தி போகுமா, நான் எந்தக் கவுண்டர் முன்னால் நிற்கிறேன் என்று டோக்கன் நம்பரைத் தேடினேன். அந்தப் பெண்ணே சிரித்துவிட்டு, 1969-இல் அந்த அம்மையார் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளிடம் பேசித்தான், இருக்கிறவர்களுக்கு அது வரிசையாக வராது சார் என்றார். “அழணும்னா அழலாம். இங்க யாரும் தடுக்கமாட்டாங்க.” ஒப்பாரியை நிறுத்தியவன், அழுவதற்கு அனுமதி வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. பேச்சும் வரவில்லை. இரண்டு கூட்டம் ‘பாஸ்’ சொன்னேன்.

மார்ச்சில் அத்தை வந்தாள். 84 வயது, கண் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். பேரன் காரில் கூட்டி வந்தான். தூரத்திலேயே அழ ஆரம்பிக்கத் தெருமுனை இல்லாததால் லிஃப்டுக்குள் ஆரம்பித்திருக்கிறாள். கதவு திறந்தபோது பாதி அழுகை முடிந்திருந்தது. சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“கடேசியா என்னய்யா சாப்புட்டா?”

இரண்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. காபி, அத்தை. விடிகாலை நாலரைக்கு எழுந்து தானே டிகாக்ஷன் இறக்கிக் கலந்தாள். அரை டம்ளர் குடித்தாள். மிச்சத்தைத் தட்டால் மூடி, அப்புறம் குடிச்சுக்கறேன் என்று வைத்தாள். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நான் மட்டும் சாவி எடுக்க முன்னால் வந்தேன். அடுப்பு மேடையில் டம்ளர் அப்படியே இருந்தது, ஆடை படிந்து. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொட்டக் கை வரவில்லை. நின்றபடியே குடித்தேன்.

“சர்க்கரை போட்டிருந்தாளா?” என்றாள் அத்தை. ஒரு பொட்டு கூடுதலாக என்றேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, “ம், சொல்லு” என்றாள். முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன். கிளம்பும்போது போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் போனாள். லிஃப்ட் கதவு மூடும்போது, “உங்கப்பன் பசு இன்னும் பாக்கி” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை குழுவில் என் முறை வந்தபோது, “விடிகாலை நாலரை இருக்கும்” என்று ஆரம்பித்தேன். அதற்கடுத்த கூட்டத்திலும் சொன்னேன். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருக்காக ஒரு தடவை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தம்பியைப் பறிகொடுத்தவர், என் பக்கத்து நாற்காலி. அவருடைய தம்பி கடைசியாகக் கேட்ட பாட்டு எனக்கு மனப்பாடம், என் டம்ளர் அவருக்கு. ஏழாவதோ எட்டாவதோ தடவை, முக்கால் டம்ளர் குடித்துவிட்டு மிச்சத்தை மூடி, “இது உங்களுக்கு” என்று சொன்னாள் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

ரயில்வேக்காரர் மெதுவாகச் சாய்ந்தார். “போன தடவை அரை டம்ளர்னீங்க.”

“அரைதான்” என்றேன். “நுரையோட முக்கால்.”