லோடு எவ்வளவு?

எங்கள் வீட்டுக்கு ஓவன் வந்த அன்று அதை அளக்காதவர் கிடையாது. அலமாரியில் வைத்தால் கதவு திறக்க இடம் இருக்குமா என்று மனைவி முழம் போட்டுப் பார்த்தாள். எத்தனை முட்டை கேக் கொள்ளும் என்று மகள் எட்டிப் பார்த்தாள். நான் பில்லைப் பார்த்தேன். பின்பக்கம் ஒட்டியிருந்த சின்னத் தகட்டை மட்டும் யாரும் பார்க்கவில்லை. 230 வோல்ட், 2000 வாட் என்று அதில் போட்டிருந்தது.

முதல் தடங்கல் பிளக்கில் வந்தது. ஓவனுடையது தடித்தடியாக மூன்று கால் வைத்த 16 ஆம்பியர் பிளக். சமையலறைச் சுவரில் இருந்ததோ மிக்சிக்குப் போட்ட 6 ஆம்பியர் சாக்கெட். எலி வளையில் பெருச்சாளியைத் திணிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, கடைத்தெருவுக்குப் போய் ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி வந்தேன். ஒரு பக்கம் பெரிய ஓட்டை, மறுபக்கம் சின்னக் கால். காரியம் முடிந்தது. மின்சாரத் துறையே என் மூளையில்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கேக் உள்ளே போய் இருபது நிமிடத்தில் வாசனை வந்தது.

“வெந்துடுச்சு போல” என்றேன்.

“வெனிலா இப்படி வராதுங்க” என்றாள் மனைவி.

திண்ணையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்: “மாப்ளே, பிரேக் டிரம் காயற வாடை வருது!”

அவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நல்லம்பள்ளியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கியே மூக்கைப் பழக்கி வைத்திருப்பவர். ஓடிப்போய் பார்த்தால், கன்வர்ஷன் பிளக் பழுப்பேறி, உருகி, சாக்கெட்டோடு ஒட்டிக்கிடந்தது. கேக் நடுவில் கூழாக இருந்தது. வெந்தது சுவர்தான்.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: “லோடு எவ்வளவுங்க?”

நான் முழிப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். “பர்மிட் எவ்வளவோ அவ்வளவுதான் தம்பி. ஓவர்லோடு ஏத்தற பழக்கமே நம்மகிட்ட இல்ல.”

தம்பி சிரிக்காமல் தகட்டைப் படித்தார். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். ஆறு பேர் போகிற வாசலில் ஒன்பது பேரை முட்டவிட்டிருக்கிறேன்.

“அப்போ எம்.சி.பி. ஏன் விழல?” என்று மடக்கினேன்.

“அது 10 ஆம்பியருங்க. 8.7 அதுக்குத் தப்பாவே தெரியாது. அது காப்பாத்தறது சுவத்துக்குள்ள போற ஒன்றரை ஸ்கொயர் கம்பிய. உங்க பிளக்க இல்ல.”

ஓவனோடு மிக்சியும் சேர்ந்து ஓடியிருந்தால் 12 ஆம்பியர் ஆகி, சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அது விழுந்தாலும் விழுந்திருக்குமாம். “அப்படின்னா 20 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டிடுங்க, விழவே விழாது” என்று யோசனை சொன்னேன்.

தம்பி பதில் சொல்லவில்லை. மாமனார் சொன்னார்: “ரோடு தாங்கலன்னு செக்போஸ்ட்ட எடுத்துட்டா, ரோடு தாங்கிடுமா மாப்ளே?”

கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடு நான்கு மடங்காகும் என்று பத்தாம் வகுப்பில் நானும் படித்துத்தான் இருக்கிறேன். மதிப்பெண் வாங்கியதோடு அந்தச் சூடு ஆறிவிட்டது. பெரிய கால் சின்ன ஓட்டையில் நுழையாமல் நின்றதே, அது ஓவன்காரன் செய்த வம்பு அல்ல, முதல் செக்போஸ்ட். நான் காசு கொடுத்துத் தாண்டியிருக்கிறேன். என்ன, அந்தக் காசுக்குக் கடையில் பில் கொடுத்தார்கள்.

சுவிட்ச் பெட்டியைத் திறந்ததும் இன்னொரு ரகசியம் வெளிவந்தது. எர்த்துக்கான பச்சைக் கம்பி எதிலும் சேராமல், வீடு கட்டிய நாளிலிருந்து உள்ளே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஓவன் முழுக்கத் தகரம். உள்ளே ஒரு கம்பி நழுவி உடம்பில் பட்டால், கரண்ட் பூமிக்குப் போக வழி வேண்டும். வழி இல்லையென்றால் தொடுகிறவர்தான் வழி. பிளக்கில் எர்த் கால் மட்டும் நீளமாக இருப்பது அதற்காகத்தானாம்: முதலில் தொட்டு, கடைசியில் விட வேண்டும். கரியும் உப்பும் கொட்டிப் புதைத்த எர்த் குழி கொல்லையில் காய்ந்துகிடந்தது. பக்கத்துத் துளசிக்குத் தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிற வீட்டில், அதற்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தவர் இல்லை.

“ரெண்டரை ஸ்கொயர் போதுங்க, நாலு போட்டா நிம்மதி” என்றார் தம்பி. நிம்மதியையே வாங்கினேன். மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனியே 16 ஆம்பியர் எம்.சி.பி., புது சாக்கெட், உயிர் பெற்ற எர்த். இரண்டு நாள் சுவரை உடைத்ததில், வீட்டில் எல்லார் தலையிலும் ஐசிங் சர்க்கரை தூவினாற்போல் சிமென்ட்.

கேக் மாதம் ஒருமுறைதான். மற்ற நாட்களிலும் அந்த சாக்கெட் சும்மா இருப்பதில்லை; அதில் சின்னக் காலும் நுழையும். நாற்காலியை அதனடியில் இழுத்துப் போட்டு, மாமனார் தன் பட்டன் போனைச் சார்ஜ் ஏற்றுகிறார்.

“ஏன் மாமா இங்கே?” என்றேன்.

“நாலு வழிச்சாலை போட்டு வெச்சிருக்கீங்க. சைக்கிள்ல ஒரு தடவ போய்ப் பாக்கறேனே” என்றார்.